ஆடியவருக்கு ‘வரவில்லை’ என்று எழுதும் பதிவேடு

2017 மே 21 அன்று கட்டாக் பாராபதி அரங்கில் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதியாட்டம் நடந்தது. பெங்களூரு எஃப்.சி.யும் மோகன் பாகனும் மோதின. தொண்ணூறு நிமிடங்களில் எந்த அணியும் கோல் அடிக்கவில்லை. கூடுதல் நேரத்தில் பெங்களூரு இரண்டு கோல்கள் அடித்துக் கோப்பையை வென்றது. இரண்டையும் அடித்தவர் கண்ணூர் மாவட்டத்துக் கூத்துப்பறம்பைச் சேர்ந்த சி.கே. வினீத். அதே மே மாதத்தில், அவர் பணியாற்றிவந்த கேரள மாநிலக் கணக்காயர் அலுவலகம் போதிய வருகை இல்லை என்று கூறி அவரைப் பணிநீக்கம் செய்தது. கால்பந்து ஆடுபவர் என்பதற்காகவே விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கப்பட்டவர், கால்பந்து ஆடப் போனதனால் அலுவலகத்துக்கு வர இயலாமல், அதே காரணத்தால் வேலையை இழந்தார்.

இச்செய்தி அன்று சில நாள்கள் பேசப்பட்டது. எதிர்ப்பும் எழுந்தது. பின்னர் கேரள அரசு அவருக்குத் தலைமைச் செயலகத்தில் பணி வழங்க முடிவெடுத்தது. அத்துடன் விவகாரம் முடிந்ததாகப் பலரும் கருதினர். ஒரு புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கு நேர்ந்தது அவ்வாறு சரிசெய்யப்பட்டது என்பது உண்மையே. ஆனால் அந்தப் பணிநீக்கத்துக்குப் பின்னிருந்த கணக்குமுறை இன்றும் அப்படியே இருக்கிறது. அது அலுவலகங்களில் தொடங்குவதில்லை. கல்லூரி வகுப்பறையிலேயே தொடங்குகிறது.

வினீத்தின் பாதையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நவோதயா உறைவிடப் பள்ளி, கண்ணூர் எஸ்.என். கல்லூரி, கேரள மின்வாரிய அணி, சிராக் யுனைடெட் கேரளா, கொல்கத்தாவின் பிரயாக் யுனைடெட், 2014 முதல் பெங்களூரு எஃப்.சி., இடையிலும் பின்னரும் கேரளா பிளாஸ்டர்ஸ். 2015-16 பருவத்தில் ஐ-லீக் பட்டம் வென்ற பெங்களூரு அணியில் அவர் இருந்தார். 2016 இறுதியில் இந்தியன் சூப்பர் லீக்கில் பிளாஸ்டர்ஸ் அணி இறுதியாட்டம் வரை சென்றதில் அவருடைய கோல்களுக்குப் பெரும் பங்குண்டு. இப்பட்டியலில் எந்த இடத்திலும் ஐரோப்பியப் பாணிப் பயிற்சியகம் ஒன்று கிடையாது. பதின்மூன்று வயதில் ஒரு கழகம் தேர்ந்தெடுத்து, உணவும் உறைவிடமும் கொடுத்து வளர்த்த ஆட்டக்காரர் அல்லர் அவர். அவர் கல்லூரி மாணவராக இருந்த காலத்தில் ஐ-லீக்கே புதிது. அது 2007இல்தான் தொடங்கியது. இந்தியன் சூப்பர் லீக் 2014இல் வந்தது. பெருநகரங்களுக்கு வெளியே பிறந்த ஓர் இளைஞருக்கு அன்று இருந்த கால்பந்துக் கட்டமைப்பு என்பது பெரும்பாலும் கல்லூரி அணியும் பல்கலைக்கழக அணியும்தாம். பதினெட்டு வயது முதல் இருபத்தொரு வயது வரை அவருக்கு மைதானத்தையும் பந்தையும் பயிற்சியாளரையும் எதிரணியையும் தந்தது கல்லூரி.

அந்தக் கல்லூரிதான் அவருடைய வருகையையும் குறிக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் பலவற்றில் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். போட்டிக்குச் சென்ற நாள்களுக்குப் பணிநிமித்த வருகை, அதாவது மாணவர் வழக்கில் ‘ஓ.டி.’, உண்டு. ஆனால் அது போட்டி நடந்த நாள்களுக்கு மட்டுமே கிடைக்கும். அப்போட்டிக்காகக் காலையும் மாலையும் பயிற்சி செய்த வாரங்களுக்குக் கிடைப்பது அரிது. அதையும் துறைத்தலைவர் மனம்வைத்தால்தான் பெற முடிகிறது. கோப்பையைக் கையில் ஏந்தி முதல்வர் அறையில் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நாளில் அந்த மாணவர் கல்லூரியின் பெருமை. பருவத்தேர்வு நெருங்கும் வாரத்தில் அவரே வருகைக் குறைவுப் பட்டியலில் ஒரு பெயர். வினீத்துக்கு அலுவலகத்தில் நேர்ந்தது இதே பட்டியலின் நீட்சி.

மொழியும் இதற்கு உடந்தையாக இருக்கிறது. தமிழில் ‘விளையாட்டு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று ஆட்டம், மற்றொன்று பொறுப்பின்மை. ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்றால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ‘விளையாட்டுப்பிள்ளை’ என்பவனிடம் வேலையை நம்பி ஒப்படைக்க முடியாது. ‘விளையாட்டுத்தனம்’ ஒரு குறை. தெலுங்கிலும் ஆட்டத்தைக் குறிக்கும் சொல் அலட்சியத்தையும் ஏய்ப்பையும் சுட்டப் பயன்படுகிறது. இரு மொழிகளும் அன்றாடம் கலந்து புழங்கும் குப்பத்தில், ஒரு மாணவர் தம் தந்தையிடம் ‘விளையாடப் போகிறேன்’ என்று எம்மொழியில் சொன்னாலும், அவர் காதில் விழுவது ‘வேலையை விட்டுவிட்டுப் போகிறேன்’ என்பதே. சொல்லின் மீது பழிபோட்டுப் பயனில்லை. சொற்பொருள் மக்களின் வாழ்விலிருந்து வருவது. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் விதியும் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவேடும் அந்த இரண்டாம் பொருளையே சட்டமாக்கிவிடும்போது, அதைக் கேள்வி கேட்கவே வேண்டும்.

அலுவலகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதிடுவது முறையாகாது. மக்கள் பணத்தில் ஊதியம் பெறும் ஒருவர், ஆண்டின் பெரும்பகுதியை வேறொரு தனியார் கழகத்துக்காக ஆடிச் செலவிட்டால், அந்த ஊதியம் எதற்கு என்று தணிக்கை கேட்கத்தான் செய்யும். அதிலும் கணக்கைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட துறை அதைக் கேட்காமலிருக்க முடியாது. ஆகவே அங்கிருந்த அதிகாரிகள் கெட்டவர்கள் என்று முடிவுகட்டுவது எளிது, பயனற்றதும்கூட. அவர்கள் கையில் இருந்த விதி, வேறொரு காலத்துக்காக எழுதப்பட்ட விதி என்பதே சிக்கல்.

அந்த வேறொரு காலம் எது? ஐதராபாத் நகரக் காவல்துறை அணி இந்தியாவின் தலைசிறந்த அணிகளில் ஒன்றாக இருந்த காலம் அது. அவ்வணியையும் இந்திய அணியையும் பயிற்றுவித்த சையத் அப்துல் ரகீம் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் என இந்தியக் கால்பந்தின் உச்சங்கள் யாவும் அவர் பயிற்சியில் வந்தவை. அன்று காவல்துறையும் ரயில்வேயும் வங்கிகளும் மின்வாரியங்களும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. ஆட்டக்காரர்கள் அந்தந்தத் துறையின் அணிக்கே ஆடினர். ஆடுவதே பணி என்பதால் வருகைப்பதிவில் முரண்பாடு எழவில்லை. துறை அணிகள் மேல்மட்டத்தில் இருந்த வரையில் இந்த ஒப்பந்தம் செல்லுபடியாயிற்று. பின்னர் தொழில்முறைக் கழகங்கள் வந்தன. மேல்மட்டம் துறைகளின் கையைவிட்டுப் போயிற்று. நாட்டின் உயர்ந்த லீக்கில் ஆட வேண்டுமானால் துறைக்கு வெளியே ஆடியாக வேண்டும் என்ற நிலை வந்தது. ஒதுக்கீட்டு விதியோ பழைய உலகிலேயே நின்றுவிட்டது. நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளச் சொல்லும் அதே விதி, அவர் மேலும் நல்ல ஆட்டக்காரராக உயரும் நாளில் அவரைத் தண்டிக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியின் நடுக்கள ஆட்டக்காரர்; தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது சென்னையில் சீருடையில் கடமையாற்றினார். ஆட்டக்காலத்தில் நாட்டுக்காகவும் கழகத்துக்காகவும் ஆடினார். ஒரு துறை விரும்பினால் இரண்டுக்கும் இடமளிக்க முடியும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அந்த விருப்பம் துறைக்குத் துறை, மேலதிகாரிக்கு மேலதிகாரி மாறுகிறது. ஒருவரின் வாழ்க்கை இன்னொருவரின் நல்லெண்ணத்தை நம்பி நிற்கக் கூடாது என்பதற்காகத்தானே விதிகளை எழுதுகிறோம்?

படிப்பும் மேல்மட்டக் கால்பந்தும் ஒன்றுக்கொன்று பகை என்பது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய எண்ணம். இந்தியக் கால்பந்தின் வரலாறே அதை மறுக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவராக இருந்த தாலிமெரன் ஆவ், நாகாலாந்தைச் சேர்ந்தவர். குவாகாத்தி காட்டன் கல்லூரியிலும் பின்னர் கொல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். அதே காலத்தில் மோகன் பாகனுக்காக ஆடியவர். ஆட்டத்துக்குப் பின் மருத்துவராகித் தம் மாநிலத்தின் சுகாதாரத் துறைக்கே தலைமையேற்றார். அந்த ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். அவ்வணியின் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதன் தலைவர் மருத்துவம் பயின்றவர் என்பதைச் சொல்லுவோர் குறைவு.

இக்காலத்துச் சான்று ஜப்பானிலிருந்து கிடைக்கிறது. கவோரு மித்தோமா கவாசாகி ஃப்ரொன்தாலே கழகத்தின் இளையோர் பயிற்சியகத்தில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில் முதன்மை அணிக்கு உயரும் வாய்ப்பு வந்தபோது அதை ஏற்காமல் த்சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். பட்டத்துக்கான ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், பந்தை உருட்டியபடி எதிராளியைக் கடந்து செல்லும் கலை. ஆட்டக்காரர்களின் தலையில் ஒளிப்படக் கருவியைப் பொருத்தி, அவர்களின் பார்வை எங்கே செல்கிறது என்று ஆராய்ந்தார். பட்டம் பெற்றபின் 2020இல் கவாசாகியில் சேர்ந்து, முதல் பருவத்திலேயே 13 லீக் கோல்கள் அடித்தார். அணி பட்டம் வென்றது. 2021இல் இங்கிலாந்தின் பிரைட்டன் அவரை ஒப்பந்தம் செய்தது. 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக, எல்லைக்கோட்டைத் தாண்டவிருந்த பந்தை மயிரிழையில் மீட்டு உள்ளே தள்ளியவர் அவரே. அந்தப் பந்துதான் வெற்றிக் கோலாயிற்று. அவருக்கு முன்னரே மெய்ஜி பல்கலைக்கழகத்திலிருந்து எஃப்.சி. டோக்கியோ வழியாக இத்தாலியின் இன்டர் மிலான் வரை சென்றவர் யூத்தோ நாகதோமோ.

அமெரிக்காவில் இன்னும் வெளிப்படையான ஏற்பாடு இருந்தது. 1996இல் அங்கு மேஜர் லீக் சாக்கர் தொடங்கிய காலத்திலிருந்தே, கல்லூரி ஆட்டக்காரர்களைக் கழகங்கள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் முறை இருந்துவருகிறது. ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் ஆடிய கிளின்ட் டெம்ப்சி 2004இல் அவ்வாறு எட்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மூன்றாண்டுகளுக்குள் இங்கிலாந்தின் ஃபுல்ஹாமை அடைந்தார். இன்று அங்கும் கழகப் பயிற்சியகங்களின் கை ஓங்கியிருக்கிறது. எனினும் கல்லூரி வாயிலை அவர்கள் இன்னும் அடைத்துவிடவில்லை. உடல் மெதுவாக முதிரும் இளைஞர்கள், வசதியற்ற ஊர்களில் பிறந்தவர்கள், பதின்மூன்று வயதில் யார் கண்ணிலும் படாதவர்கள் ஆகியோருக்கு அதுவே இரண்டாம் வாய்ப்பு. இந்தியாவில் பெரும்பாலோருக்கு அதுதான் முதல் வாய்ப்பே.

படிப்பை முடிப்பது ஆட்டக்காரருக்கு ஏன் முக்கியம் என்பதற்குத் தமிழகத்திலிருந்தே ஒரு காட்டு உண்டு. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தூத்தூரை அடுத்த இரவிபுத்தன்துறை ஒரு மீனவ ஊர். அக்கரையின் ஊர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்றவை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் பலரை இழந்தவை. கால்பந்துக்கும் பெயர்பெற்றவை. அவ்வூரில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி எஃப்.சி. வழியாக ஐ-லீக்கிலும், 2018இல் ஜம்ஷெட்பூர் வழியாக இந்தியன் சூப்பர் லீக்கிலும் ஆடத் தொடங்கினார். 2019இல் இந்திய அணியில் இடம்பெற்றார். 2020 மார்ச்சில் பட்டம் வென்ற ஏ.டி.கே. அணியில் இருந்தார். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே முழங்காலில் காயமடைந்து வெளியேறினார். அப்பருவம் அவருக்கு அத்துடன் முடிந்தது. கால்பந்தாட்டக்காரரின் வாழ்வில் உச்சத்துக்கும் படுக்கைக்கும் இடையே எட்டு மாதங்கள் போதும்.

காயம் உடலுக்கு மட்டும் நேர்வதில்லை, அமைப்புகளுக்கும் நேர்கிறது. சூசைராஜை வெளியுலகுக்குக் காட்டிய சென்னை சிட்டி, அவர் விலகிய அடுத்த பருவத்திலேயே, 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. இரண்டே ஆண்டுகளில் அது ஐ-லீக்கிலிருந்தே மறைந்துபோயிற்று. இந்தியன் சூப்பர் லீக்கும் விதிவிலக்கன்று. வணிக உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வருவதையொட்டி 2025 ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் தங்கள் ஊதியம் என்னாகும் என்று அறியாமல் காத்திருந்தனர். உச்சியில் இருக்கும் லீக்கே ஓர் ஒப்பந்தத் தாளில் தொங்கும் நாட்டில், அதில் ஆடுபவரிடம் ‘படிப்பா, பந்தா, ஒன்றைத் தேர்ந்தெடு’ என்று சொல்லுவது கொடுமை. பட்டம் அவருக்கு மறுகரையில் நிற்கும் துணை. அதை அவர் முடிக்க உதவ வேண்டிய கல்லூரியே வருகைக் குறைவைக் காட்டி அதைப் பறிப்பது எவ்வகையில் கல்வியாகும்?

இக்கேள்வி குப்பத்துக்கு மிக நெருக்கமானது. ஆந்திரம், தமிழகம், கருநாடகம் மூன்றும் கூடும் முனையில் இருக்கும் ஊர் இது. 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் மாணவர்கள் ஒரே விடுதியில் தங்குகின்றனர். ஆந்திரப் பிரதேசத்துக்கு இந்தியன் சூப்பர் லீக்கில் அணி இல்லை. சென்னை-பெங்களூரு இருப்புப்பாதையில் அமைந்த குப்பத்துக்கு மிக அருகிலுள்ள மேல்மட்டக் கழகம் 2013இல் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்.சி.தான், வினீத் ஆடிய அதே கழகம். ரயிலேறினால் சில மணி நேரத்தில் கண்டீரவா அரங்கை அடைந்துவிடலாம். ஆயினும் சித்தூர் மாவட்டத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் அந்தப் புல்தரையில் பார்வையாளராக அன்றி ஆட்டக்காரராகக் கால்வைக்க வேண்டுமானால், இடையில் அவருக்கு இருக்கும் ஏணி பல்கலைக்கழக அணியும் தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியும் மட்டுமே. ஏணியின் முதற்படியே வருகைப்பதிவேட்டால் ஆனது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பல்கலைக்கழக அணியில் தேர்வானவரின் பயிற்சி நேரத்தையும் வருகையாகக் கணக்கிடலாம். போட்டியால் தவறிய தேர்வை, ‘அரியர்’ என்ற முத்திரை குத்தாமல், குறித்த காலத்துக்குள் எழுத வாய்ப்பளிக்கலாம். தேசியக் கல்விக் கொள்கையின் பிற அம்சங்கள் குறித்து எவ்வளவு கருத்து வேறுபாடு இருப்பினும், அதன்வழி வந்த மதிப்பெண் சேமிப்பு முறை, படிப்பை இடையில் நிறுத்திப் பின்னர் தொடர வழிசெய்கிறது. கழக ஒப்பந்தம் கிடைத்த மாணவர் இரண்டாண்டு ஆடிவிட்டு வந்து பட்டத்தை முடிக்க அதைப் பயன்படுத்த இயலும். மாணவரிடம் அதை எடுத்துச்சொல்ல ஒருவர் இருந்தால் போதும். அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, கழக ஒப்பந்தக் காலத்துக்கு ஊதியமில்லாச் சிறப்பு விடுப்பு அளித்து, பணியிடத்தை மட்டும் காத்துவைக்கலாம். மக்கள் பணம் வீணாகாது. தணிக்கையின் கேள்விக்கும் விடை கிடைக்கும். ஆட்டக்காரரின் எதிர்காலமும் பிழைக்கும்.

இதைத் தவறாகப் பயன்படுத்துவோர் வருவர் என்பது உடனே எழும் மறுப்பு. பயிற்சி என்று எழுதிவிட்டுத் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பவர்கள் இருக்கத்தான் செய்வர். ஆனால் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் அதே பதிவேடு ‘வந்தார்’ என்று எழுதுகிறது. அதை யாரும் முறைகேடு என்பதில்லை. மைதானத்தில் ஏமாற்றுவது இதைவிடக் கடினம். யார் ஆடினார், எந்த நிமிடத்தில் இறங்கினார், எப்போது வெளியேறினார் என்று ஆட்டத்தாள் சொல்லிவிடும். பயிற்சியாளர் கையொப்பமிட்ட நாட்குறிப்பும் நடுவர் கையொப்பமிட்ட ஆட்டத்தாளும் எந்த வகுப்பறைப் பதிவேட்டையும்விட நம்பகமானவை.

அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் எந்தப் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுவும் ஒரே கூட்டத்தில் நிறைவேற்றக்கூடிய மாற்றங்கள் இவை. கோப்பை வரும் நாளில் மாலையும் மேடையும் தயாராக வைத்திருக்கும் நிருவாகங்கள், அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அந்த மாணவர் எங்கே இருந்தார் என்பதையும் நேர்மையாகக் குறித்துக்கொள்ளட்டும். அவர் மைதானத்தில் இருந்தார்; பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிந்திருந்தார். அந்நாள்களுக்கு நேரே ‘வந்தார்’ என்று எழுதுவது சலுகை ஆகாது. நடந்ததை நடந்தபடி எழுதுவது மட்டுமே.